அந்த நூறு வரியை முதல்ல எழுதுங்க, பாஸ்!

தேர்ட் இயர், ஃபைனல் இயர் மக்களே... உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க. "மச்சி, ஏஜென்ட் புராஜெக்ட் பண்றோம். எந்த ஃப்ரேம்வொர்க் நல்லது?" கேட்டு முடிக்கிறதுக்குள்ள பத்து பதில் வந்து விழும். லாங்செயின்ம்பான் ஒருத்தன். அதெல்லாம் பழசு, லாங்கிராஃப்தான்ம்பா இன்னொருத்தி. க்ரூஏஐ, ஆட்டோஜென், ஸ்மோல்ஏஜென்ட்ஸ், லாமாஇண்டெக்ஸ், பைடான்டிக் ஏஐ, கூகுள் ஏடிகே... கல்யாணப் பந்தி மாதிரி இலையில விழுந்துட்டே இருக்கும். எல்லாமே ஓப்பன் சோர்ஸ், எல்லாமே இலவசம், எல்லாத்துக்கும் யூடியூப்ல பத்து நிமிஷ வீடியோ. கடைசியில பெரும்பாலான டீம் பண்றது ஒண்ணுதான். கிட்ஹப்ல எதுக்கு ஸ்டார் அதிகம்னு பார்த்து அதை இன்ஸ்டால் பண்றது!

நானும் அந்தப் பந்தியில உட்கார்ந்த ஆள்தான். தேர்ட் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ். மினி புராஜெக்ட்டுக்காக நாங்க நாலு பேர் இந்தக் கேள்வியோட ஒன்றரை மாசம் மல்லுக்கட்டினோம். ஒரு முடிவுக்கும் வந்தோம். அந்த முடிவைவிட, அதுக்கு வந்த வழி உங்களுக்கு உதவும்னு தோணுது. அதான் எழுதுறேன்.

முதல்ல எங்க புராஜெக்ட்டைச் சொல்லிடுறேன். இல்லேன்னா மீதி எதுவும் புரியாது. எங்க காலேஜ்ல ஸ்காலர்ஷிப் சர்க்குலர் எப்படி வரும் தெரியுமா? ஆபீஸ் வாசல் நோட்டீஸ் போர்டுல ஒரு ஏ-ஃபோர் தாள். அதைச் சாய்வா நின்னு எடுத்த ஒரு போட்டோ டிபார்ட்மென்ட் குரூப்ல. போட்டோவுல ஒரு ஓரம் கட் ஆகியிருக்கும். கடைசித் தேதி சரியா அந்த ஓரத்துலதான் இருக்கும்! வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், ஆதாரோட இணைச்ச பேங்க் பாஸ்புக்னு ஒவ்வொண்ணுக்கும் இ-சேவை மையத்துக்கு நடக்கணும். தேதி மூணு நாள் முன்னாடி தெரிஞ்சா போதாது, மூணு வாரம் முன்னாடி தெரியணும். எங்க டீம்ல ஒருத்தன் தேனிக்காரன். போன வருஷம் அவன் ஹாஸ்டல் ரூம்ல இருந்த ஜூனியர் பையனுக்கு, சான்றிதழ் கைக்கு வந்த அன்னைக்குத் தேதி முடிஞ்சு நாலு நாள் ஆகியிருந்தது. அவங்கப்பா மண்டியில மூட்டை தூக்குறவர். அந்தப் பையன் அந்த வருஷம் முழுக்க மெஸ் பில் கட்ட சனி, ஞாயிறுல கேட்டரிங் வேலைக்குப் போனான்.

சர்க்குலரைப் படிச்சு, யார் யாருக்குப் பொருந்தும், என்னென்ன பேப்பர் வேணும், கடைசித் தேதி எதுன்னு கண்டுபிடிச்சு, அந்தந்த மாணவருக்குத் தமிழ்ல மெசேஜ் அனுப்புற ஏஜென்ட். அதுதான் புராஜெக்ட். தப்பாச் சொன்னா யாரோ ஒருத்தருக்கு ஒரு வருஷப் பணம் போகும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

முதல் ரிவ்யூவுல எங்க கைடு சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த ஃப்ரேம்வொர்க் பேரையும் சொல்லாம ஏஜென்ட்னா என்னன்னு சொல்லுங்கப்பா." நாங்க போர்டுல எழுதிக் காட்டினது இதுதான்.

மொழி மாடலுக்கு வாய் மட்டும்தான் உண்டு, கை கிடையாது. கேட்டா பதில் சொல்லும். தானா ஃபைலைத் திறக்காது, காலண்டர் பார்க்காது, மெசேஜ் அனுப்பாது. நாம பைதான்ல சின்னச் சின்ன ஃபங்ஷன் எழுதி, "இதெல்லாம் உன் கை. எது வேணுமோ பேர் சொல்லிக் கேளு"ன்னு அதுகிட்ட ஒரு பட்டியல் கொடுக்குறோம். அதுக்குப் பேர் டூல். மாடல், "சர்க்குலரைப் படி"ங்கும். நம்ம புரோகிராம் படிச்சு உள்ளே கொடுக்கும். "மாணவர் பட்டியலைத் தேடு"ங்கும். தேடிக் கொடுக்கும். "போதும், இதுதான் பதில்"னு மாடல் சொல்ற வரைக்கும் இது சுத்திக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான் பாஸ். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச வொயில் லூப்!

யோசி, செய், வந்ததைப் பாரு, மறுபடி யோசி... இந்தச் சுத்தை 'ரியாக்ட்'னு பேர் வெச்சு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022 அக்டோபர்ல கட்டுரையா வெளியிட்டாங்க. அதே மாசம்தான் ஹாரிசன் சேஸ் 'லாங்செயின்'ங்கிற பைதான் லைப்ரரியை வெளியில விட்டார். அடுத்த மாசம் சாட்ஜிபிடி வந்தது. அப்புறம் என்ன... தீபாவளிதான். 2023 மார்ச்ல 'ஆட்டோஜிபிடி' வந்தப்ப, வேலையைச் சொல்லிட்டுத் தூங்கப் போயிடலாம்னு ஊரே பேசுச்சு. ஓட விட்டுப் பார்த்த பல பேர் சொன்ன கதை வேற. செக்குமாடு மாதிரி ஒரே இடத்துல சுத்தும், பில் மட்டும் ஏறும்.

சார் சொன்ன அடுத்த வேலை: "போர்டுல எழுதினதை அப்படியே கோடு பண்ணிட்டு வாங்க. ஃப்ரேம்வொர்க் கூடாது." தேனிக்காரன் முணுமுணுத்தான். நான் இப்ப அந்த வாரத்துக்கு ஒரு கும்பிடு போடுறேன். மொத்தம் நூறு வரிகூட வரலை. மாடலுக்கு அனுப்பு, டூல் கேட்குதா பாரு, கேட்டா ஓட்டு, வந்த பதிலைப் பட்டியல்ல சேரு, மறுபடி அனுப்பு. கூடவே, 15 சுத்துக்கு மேல போனா நிறுத்துன்னு ஒரு கடிவாளம். இது எங்க காலேஜ் சாரோட பிடிவாதம் மட்டும் இல்லை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 டிசம்பர்ல ஏஜென்ட் கட்டுறது பத்தி வெளியிட்ட கட்டுரையும் இதையேதான் சொல்லுது. முதல்ல மாடலோட ஏபிஐ-யை நேரடியா வெச்சு ஆரம்பி, பல வேலைகள் சில வரியிலேயே முடிஞ்சிடும், ஃப்ரேம்வொர்க் எடுத்தா அடியில என்ன ஓடுதுன்னு தெரிஞ்சு எடுன்னு. மாடல் விக்கிற கம்பெனியாச்சே, அவங்களுக்கு அதுல லாபம் இருக்கும்னு நீங்க சொல்லலாம். இருக்கட்டும். சொன்னது சரிதானே?

அந்த நூறு வரியோட அருமை ஒரு டெஸ்ட்ல தெரிஞ்சது. ஒரு பழைய சர்க்குலரைக் கொடுத்தோம். கடைசித் தேதி 09.12-னு போட்டிருந்தது. நம்ம ஊர்ல அது டிசம்பர் 9. தேதி நவம்பர்னு ஏஜென்ட்கிட்ட சொல்லி ஓட்டினோம். பதில் வந்தது: 'விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. அனுப்ப வேண்டிய செய்தி எதுவும் இல்லை.' அழகான தமிழ், ஒரு எழுத்துப் பிழை இல்லை! மாடல் அதை அமெரிக்கக் கணக்குல செப்டம்பர் 12-ன்னு எடுத்துடுச்சு. இதுல பயங்கரம் எது தெரியுமா? தப்பான மெசேஜ் போனாக்கூட யாராவது ஒருத்தர் ஆபீஸ்ல வந்து கேட்பாங்க. இங்க மெசேஜே போகலை. ஒரு பொட்டுச் சத்தம் இல்லாம அறுபது பேரோட பேர் லிஸ்ட்லேருந்து விழுந்திருக்கும்.

எங்க லூப்ல போய் வர்ற ஒவ்வொரு மெசேஜையும் பிரிண்ட் பண்ணி வெச்சிருந்ததால, நாலாவது மெசேஜ்ல தேதி திரும்பிப் படுத்திருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுட்டோம். இதே சர்க்குலரை, ரொம்பப் பிரபலமான ஒரு ஃப்ரேம்வொர்க்ல வேற மாதிரி எழுதிவெச்சிருந்ததுலயும் ஓட்டினோம். பேர் வேண்டாம். அதுலயும் இதே முடிவுதான் வந்தது. ஆனா எங்கே தப்புன்னு தேடினா, ஒரு கிளாஸுக்குள்ள இன்னொரு கிளாஸ், அதுக்குள்ள இன்னொண்ணு. மாடலுக்கு உண்மையில என்ன வாசகம் போச்சுன்னு பார்க்கவே ஒரு சாயங்காலம் ஆச்சு. அன்னைக்குத்தான் எங்க முதல் விதி முடிவாச்சு. மாடலுக்குப் போற கடைசி வாசகத்தை, ஒரு எழுத்து விடாம, நாம பார்க்க முடியணும். முடியாதுன்னா ஸ்டார் எத்தனை இருந்தாலும் வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஏஜென்ட் ஒவ்வொரு படியிலயும் 95 சதவிகிதம் சரியாப் பண்ணுதுன்னு வெச்சுக்கோங்க. நல்ல மார்க்குதானே? பத்துப் படி இருந்தா, பத்தும் சரியா முடியற வாய்ப்பு, 0.95-ஐ பத்துத் தடவை பெருக்கினா வர்றது. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 60 சதவிகிதம்! படிகளைக் குறைக்கிற ஃப்ரேம்வொர்க்கா, கூட்டுற ஃப்ரேம்வொர்க்காங்கிறது சும்மா ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைன்னு இதுல தெரியும்.

இங்கதான் எங்க டீம்ல சண்டை. எங்க கடலூர்க்காரிக்கு க்ரூஏஐ மேல ஒரே காதல். அதை ஓட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஜாலியா இருக்கும். ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு பொறுப்பு, ஒரு லட்சியம், ஒரு பின்கதை எழுதணும். 'நீ இருபது வருஷம் அனுபவமுள்ள ஸ்காலர்ஷிப் அதிகாரி'ன்னு ஒருத்தர், 'நீ தப்பைக் கண்டுபிடிக்கிற ஆடிட்டர்'னு இன்னொருத்தர். அவங்களுக்குள்ள வேலையைப் பிரிச்சுப்பாங்க. டெமோவுல ஸ்க்ரீன்ல வாக்குவாதம் ஓடுறதைப் பார்த்தா எக்ஸ்டர்னலே எழுந்து நின்னுடுவார்னு அவ சொன்னா. அதுல உண்மை இருக்கு. பேச்சு, ஆராய்ச்சி, எழுத்துன்னு தனித்தனியா பிரியற வேலைக்கு அந்த அமைப்பு அழகாப் பொருந்தும். ஆனா எங்களோடது ஒரு தாளைப் படிச்சு நாலு விஷயத்தை எடுக்கிற வேலை. ஒரு ஆள் வேலைக்கு நாலு பேரை உட்கார வெச்சா, ஒவ்வொருத்தர் வாயைத் திறக்கும்போதும் மாடலுக்கு ஒரு கால். காசும் படியும் சேர்ந்தே ஏறும். "டெமோ ஒருநாள்டி, ஜூனியருங்க வருஷம் முழுக்க இருக்காங்க"ன்னு தேனிக்காரன் சொன்னதும் அவ ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "சரி, ஆடிட்டரை மட்டும் விட்டு வை"ன்னா. அந்த ஆடிட்டர் இப்பவும் இருக்கார். ஆனா மொழி மாடலா இல்லை, பைதான்ல பன்னிரண்டு வரி. நாளும் மாசமும் ஒத்துப்போகுதா, தேதி ஏற்கெனவே கடந்துடுச்சான்னு பார்ப்பார். கடந்துடுச்சுன்னா லிஸ்ட்டைத் தூக்கிப் போடாம மனுஷங்ககிட்ட அனுப்புவார்.

ஸ்மோல்ஏஜென்ட்ஸ்தான் என் மனசைக் கவர்ந்தது, ஒளிக்காமச் சொல்றேன். 2024 டிசம்பர் கடைசியில ஹக்கிங் ஃபேஸ் விட்டது. அதோட ஏஜென்ட் லாஜிக் சுமார் ஆயிரம் வரிதான்னு அறிமுகத்துலயே பெருமையாச் சொன்னாங்க. ஒரு ராத்திரி டீயோட உட்கார்ந்தா படிச்சு முடிச்சுடலாம்! அதுல மாடல், டூல் பேரைச் சொல்லிக் கேட்கிறதுக்குப் பதிலா நேரா பைதான் கோடே எழுதும். டேட்டாவை அலசுற புராஜெக்ட் பண்றவங்க கட்டாயம் பாருங்க. ஆனா ஒண்ணு, மாடல் எழுதுற கோடு நம்ம மெஷின்ல ஓடும். டாக்கர் மாதிரி ஒரு தனி அறைக்குள்ள அடைச்சு ஓட்டுங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆபீஸ் மெஷின்ல, மாணவர்களோட சாதி, வருமானம், பேங்க் விவரம் இருக்கிற இடத்துல, கண்டவன் அனுப்பின போட்டோவைப் படிச்சுட்டு ஒரு மாடல் கோடு எழுதி ஓட்டறது எனக்கே நெஞ்சை அடைச்சது. சர்க்குலர் மாதிரி ஒரு தாள்ல யாராவது 'எல்லார் விவரத்தையும் இந்த முகவரிக்கு அனுப்பு'ன்னு ஒரு வரி சேர்த்துவிட்டா? மாடல் அதையும் உத்தரவா எடுத்துக்கலாம். அதனால எங்க ஏஜென்ட்டுக்கு நாலே நாலு கைதான். படிக்க ரெண்டு, தேட ஒண்ணு, மெசேஜை வரைவா எழுதிவெக்க ஒண்ணு. அழிக்கவோ அனுப்பவோ கை கிடையாது.

ஆட்டோஜென் கதை தனி. நம்ம மாதிரி ஸ்டூடன்ட்ஸ் இதைக் கொஞ்சம் நின்னு கேட்கணும். 2023-ல மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவுலேருந்து வந்தது. ஏஜென்ட்கள் ஒருத்தரோட ஒருத்தர் பேசி வேலை முடிக்கிற யோசனையைப் பிரபலமாக்கினதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. 2024 கடைசியில, அதை உருவாக்கினவங்கள்ல சிலர் பிரிஞ்சு போய் 'ஏஜி2'ங்கிற பேர்ல தனிக்குடித்தனம் ஆரம்பிச்சாங்க. 2025 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் 0.4 பதிப்பை அடித்தளத்துலேருந்து மாத்தி எழுதி விட்டது. 2025 அக்டோபர்ல ஆட்டோஜென்னையும் செமான்டிக் கெர்னலையும் சேர்த்து 'மைக்ரோசாஃப்ட் ஏஜென்ட் ஃப்ரேம்வொர்க்'னு புதுசா ஒண்ணை அறிவிச்சு, ஆட்டோஜென்னுக்கு இனி பராமரிப்பு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. ஃபர்ஸ்ட் இயர்ல இதைக் கத்துக்க ஆரம்பிச்ச ஒரு ஸ்டூடன்ட், ஃபைனல் இயருக்குள்ள நாலு வீடு மாறியிருக்கணும்! யாரையும் குத்தம் சொல்லலை. இந்தத் துறையே அப்படி ஓடுது. ஓப்பன்ஏஐ 2024 அக்டோபர்ல 'ஸ்வார்ம்'னு ஒண்ணு விட்டாங்க, சோதனைக்கு மட்டும்னு சொல்லித்தான். 2025 மார்ச்ல ஏஜென்ட்ஸ் எஸ்டிகே வந்து அதோட நாற்காலியில உட்கார்ந்துடுச்சு. லாங்செயினே 2025 அக்டோபர்ல 1.0 வந்தப்ப, ஏஜென்ட் பகுதியை லாங்கிராஃப் மேல தூக்கி வெச்சது. யூடியூப்ல நீங்க பார்க்கிற பழைய வீடியோ கோடு ஓடலைன்னா உங்க லேப்டாப் மேல கோவப்படாதீங்க.

அதனால ஸ்டார் எண்ணிக்கையைவிட நாங்க வேற ரெண்டைப் பார்த்தோம். கடைசி வெர்ஷன் எப்ப வந்தது, பழசிலேருந்து புதுசுக்கு மாறுறது எப்படின்னு அவங்க ஒரு குறிப்பாவது எழுதியிருக்காங்களான்னு. இதுக்கு அரை மணி நேரம் போதும்.

சரி, கடைசியில எதை எடுத்தோம்? லாங்கிராஃப். காரணம் ஒண்ணே ஒண்ணுதான். அது எங்க ஆபீஸ் அக்கா.

ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல இருக்கிற அக்காகிட்ட எங்க ஐடியாவைச் சொன்னப்ப அவங்க சொன்னது: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் பார்க்காம ஒரு மெசேஜும் போகக் கூடாது. தப்பாப் போனா புள்ளைங்க என்னைத்தான் வந்து கேக்கும்." நியாயம்! அப்ப ஏஜென்ட் பாதி வழியில நிக்கணும். அக்கா லீவுன்னா மறுநாள் வரைக்கும் நிக்கணும். நடுவுல கரன்ட் போகும், மெஷின் ஆஃப் ஆகும். மறுநாள் அக்கா 'சரி'ன்னு அழுத்தினா விட்ட இடத்துலேருந்து ஓடணும். எங்க நூறு வரி லூப்ல இதைச் சேர்க்கப் பார்த்தோம். நிலவரத்தை ஃபைல்ல எழுதி, திரும்பப் படிச்சு, எந்தப் படியில நின்னதுன்னு குறிச்சு... நூறு வரி நானூறு ஆகுற மாதிரி இருந்தது.

லாங்கிராஃப்ல இதுதான் மையமே. வேலையை நோடு, கோடுன்னு ஒரு கிராஃபா வரையணும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல நாம போட்ட அதே கிராஃப்தான். ஒவ்வொரு படி முடிஞ்சதும் நிலவரத்தை ஒரு டேட்டாபேஸ்ல பதிவு பண்ணி வெக்க 'செக்பாயின்டர்'னு ஒரு வசதி. எங்களுக்கு எஸ்க்யூலைட் போதும்னு ஆச்சு. 'இன்டரப்ட்'னு ஒரு ஃபங்ஷன் கூப்பிட்டா அங்கேயே நின்னு மனுஷனுக்காகக் காத்திருக்கும். மத்த ஃப்ரேம்வொர்க்லயும் மனுஷனைக் கேட்கிற வசதி உண்டு. எங்களுக்கு வேண்டியது மெஷினே ஆஃப் ஆனாலும் ஞாபகம் வெச்சிருக்கிற காத்திருப்பு. அது இங்க ரெடியா இருந்தது.

இதை எடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நின்ன இடத்துலேருந்து திரும்ப ஆரம்பிக்கும்போது, அது நின்ன வரியிலேருந்து ஓடாது. அந்த நோடோட முதல் வரியிலேருந்து மறுபடி ஓடும். ஆவணத்துலயே எழுதியிருக்கு, ஆனா பல பேர் தாண்டிப் போயிடுறாங்க. அதாவது, 'அக்காவுக்குத் தகவல் அனுப்பு, அப்புறம் காத்திரு'ன்னு ரெண்டையும் ஒரே நோடுல வெச்சா, அக்கா 'சரி'ன்னு அழுத்தினதும் தகவல் இன்னொரு தடவை போகும். ரெண்டையும் ரெண்டு நோடா பிரிச்சுடுங்க. சொந்த லூப் எழுதிப் பார்த்திருந்தா இது ஏன்னு உங்களுக்கே உடனே புரியும்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஓப்பன் சோர்ஸ்னா ஓசின்னு நினைச்சுடாதீங்க பாஸ். ஃப்ரேம்வொர்க்தான் இலவசம், மாடலுக்கு மீட்டர் ஓடும். லூப்போட ஒவ்வொரு சுத்துலயும் முன்னாடி பேசினது அத்தனையையும் மறுபடி அனுப்பணும். சர்க்குலர் 3,000 டோக்கன், ஒவ்வொரு சுத்துலயும் 500 சேருதுன்னா, பத்து சுத்துல நீங்க அனுப்பினது மொத்தம் 52,500 டோக்கன். ஏழாயிரத்து ஐந்நூறு இல்லை! திரும்பத் திரும்ப வர்ற பகுதிக்கு சில கம்பெனிகள் விலையைக் குறைக்கிறாங்க. ஆனாலும் நம்ம பாக்கெட் மணிக்கு இது பெரிய விஷயம்.

தமிழ்ல இது இன்னும் கொஞ்சம் கடுப்பு. 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ அறிமுகத்துல ஓப்பன்ஏஐ காட்டின உதாரணத்தைப் பாருங்க. ஒரே வாசகம் பழைய முறையில இங்கிலீஷ்ல 27 டோக்கன், தமிழ்ல 116. புது முறையில இங்கிலீஷ் 24, தமிழ் 35. ரொம்ப முன்னேற்றம்தான். ஆனா எந்த மாடல் தமிழை எப்படித் துண்டு போடுதுங்கிறதைப் பொறுத்து உங்க பில் மூணு மடங்குகூட மாறும். எந்த ஃப்ரேம்வொர்க் எடுத்தாலும் இது மாறாது. அதனால மாடலை ஒரு வரியில மாத்த முடியுதான்னு பார்க்கிறது முக்கியம். நாங்க லேப் மெஷின்ல ஒல்லாமா போட்டு ஒரு சின்ன மாடலை இலவசமா ஓட்டினோம். இங்கிலீஷ் சர்க்குலருக்குத் தேவலை. தமிழ் சர்க்குலர்னா எந்த டூலைக் கூப்பிடணும்னே அதுக்குக் குழம்பிடும். சுலபமான வேலைக்குச் சின்னது, தமிழுக்குப் பெரியதுன்னு பிரிச்சு வெச்சிருக்கோம்.

ஃப்ரேம்வொர்க் எதுவும் கைகொடுக்காத இன்னொண்ணும் இருக்கு. அது ஃபான்ட்! தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. இருந்தாலும் எங்க கைக்கு வந்த சில பிடிஎஃப், வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. கண்ணால பார்த்தா தமிழ். காப்பி பண்ணினா இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்த ஜிலேபி. ஆறாயிரம் பேர் ஸ்டார் போட்ட லைப்ரரி வெச்சிருந்தாலும் மாடலுக்கு அந்த ஜிலேபிதான் போகும். பக்கத்தைப் படமா மாத்தி, எழுத்தை அடையாளம் காணுற டெசரேக்ட்ல தமிழ் பேக் போட்டு எடுத்தோம். எங்க ஒன்றரை மாசத்துல பாதி நேரம் இதுலதான் போச்சு. இதைச் சொல்ற ஒரு யூடியூப் வீடியோகூட எங்க கண்ணுல படலை.

லைசென்ஸ் பத்தியும் ரெண்டு வார்த்தை. லாங்கிராஃப், க்ரூஏஐ ரெண்டும் எம்ஐடி லைசென்ஸ். ஸ்மோல்ஏஜென்ட்ஸ் அப்பாச்சி. எங்க மாதிரி காலேஜ் வேலைக்கு எல்லாமே ஓகே. ஆனா ஃப்ரேம்வொர்க்கோட கூடவே கூப்பிடுற வசதிகளைக் கவனிங்க. லாங்செயின் கம்பெனியோட 'லாங்ஸ்மித்'ங்கிற கண்காணிப்புப் பலகை தனி வியாபாரப் பொருள். அது இல்லாமலும் ஃப்ரேம்வொர்க் ஓடும். க்ரூஏஐ, பயன்பாட்டுத் தகவலைப் பேர் இல்லாம அனுப்புறதையும், அதை எப்படி அணைக்கிறதுன்னும் தன் ஆவணத்துலயே எழுதியிருக்கு. ஜூனியர்களோட வருமான விவரம் புழங்குற இடத்துல, எது வெளியே போகுதுன்னு தெரியாம எதையும் ஓட்டக் கூடாது. மாடல் ஏபிஐ-க்குப் போறதுலயும் பேர், பேங்க் நம்பர் எதுவும் இல்லாம வரிசை எண் மட்டும்தான் அனுப்புறோம்.

"இவ்வளவு எதுக்கு? ரெஸ்யூம்ல லாங்செயின்னு போட்டாத்தானே ஷார்ட்லிஸ்ட்"டுன்னு நீங்க கேட்பீங்க. நானும் பிளேஸ்மென்ட்டுக்குக் காத்திருக்கிற ஆள்தான், அந்தக் கவலையைச் சின்னதாக்க மாட்டேன். வேலை விளம்பரத்துல ஃப்ரேம்வொர்க் பேர் இருந்தா அது தெரிஞ்சிருக்கணும். ஆனா ஒண்ணு ரெண்டு சீனியர்ஸ்கிட்ட இன்டர்வியூ பத்திக் கேட்டேன். பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "அது உள்ளே என்ன பண்ணுது?"வாம். அங்கே பல பேர் மாட்டிக்கிறாங்களாம். எங்க நாலு பேருக்கும் அந்தக் கேள்விக்குப் பயம் இல்லை. நூறு வரி ஃபைல் இன்னும் ரெப்போவுல அப்படியே இருக்கு. 'பழைய லூப்'னு பேர். லாங்கிராஃப்ல ஏதாவது புரியலைன்னா அதைத்தான் திறக்கிறோம்.

இப்ப நிலவரம் இதுதான். ஏஜென்ட் ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு மட்டும் ஓடுது. வெர்ஷன் நம்பரைப் பூட்டி வெச்சிருக்கோம், செமஸ்டர் நடுவுல அப்டேட் கிடையாது. அக்கா தினம் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரைவுகளைப் பார்க்கிறாங்க. பத்துல ரெண்டைத் திருத்துறாங்க. பெரும்பாலும் தேதி இல்லை, தமிழ்தான்! 'தங்களது விண்ணப்பத்தினைச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது'ன்னு மாடல் எழுதினதை அடிச்சுட்டு, 'வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸுக்கு வாப்பா, பாஸ்புக் ஜெராக்ஸ் மறக்காதே'ன்னு எழுதுறாங்க. அந்தத் திருத்தத்தை எல்லாம் ஒரு ஃபைல்ல சேர்த்துக்கிட்டு இருக்கோம். அடுத்த வாரம் அதை மாடலுக்கு உதாரணமாக் கொடுத்துப் பார்க்கணும்.